வெள்ளையெல்லாம் ஒரே கோழி இல்லீங்க

நான் கோழி வளர்த்த கதையை யார்கிட்டயாவது ஆரம்பிச்சா, தங்கமணி உள்ளே இருந்து குரல் கொடுப்பாங்க. "வளர்த்தாராமா? முதல்ல கொன்ன கதையைச் சொல்லச் சொல்லுங்க." அவங்க சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். ஒன்பது கோழி எங்க வீட்டுக்கு வந்துச்சு. ஒரு மாசத்துக்குள்ள ரெண்டு போயிடுச்சு. ரெண்டுக்கும் காரணம் நோய் இல்லை. நான்தான்.

நாங்க இருக்கறது பெங்களூர் காக்ஸ் டவுன். ஈஸ்ட் ரயில் நிலையத்துல இறங்கினா நடந்தே வந்துடலாம். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமம். இந்த ஏரியாவுல தமிழ் பேசக் கூச்சமே வேண்டாம். காய்கறிக்கடை, இஸ்திரிக்கடை, கோயில், சர்ச்சு, எங்கே போனாலும் தமிழ்தான். எங்க வீட்டு ஓனர் ஆன்ட்டியே மூணு தலைமுறையா கன்டோன்மென்ட் தமிழ். "நீங்க எந்த ஊர் ஆன்ட்டி?"ன்னு வந்த புதுசுல கேட்டேன். "இதே ஊர்தான், வேற எந்த ஊரு?"ன்னு திருப்பிக் கேட்டாங்க. அதுக்கப்புறம் கேக்கலை :-)

பிழைப்பு சாஃப்ட்வேர் டெஸ்டிங். இந்த வேலையில தினமும் நடக்கற சண்டை ஒண்ணு உண்டு. நாம ஒரு தப்பைக் கண்டுபிடிச்சுச் சொன்னா, எழுதினவர் "அது பக் இல்லை சார், ஃபீச்சர்"ம்பார். அப்படித்தான் இருக்கணும்னு வடிவமைச்சதாம். சில சமயம் அவர் சொல்றது சரி. சில சமயம் நாம சொல்றது சரி. பதினேழு வருஷம் இந்தப் பஞ்சாயத்துல உட்கார்ந்தவன், கோழி விஷயத்துல அதே இடத்துல சறுக்கினேன்.

கொசுவத்தி சுத்தறேன். 2020 மார்ச். கோழி தின்னா கொரோனா வரும்னு ஒரு புரளி வாட்ஸப்புல சுத்திச்சு ஞாபகம் இருக்கா? கோழிக்கும் அந்த வைரஸுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அரசாங்கமும் டாக்டர்களும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாங்க. யார் கேட்டா? விலை தரைக்கு வந்துச்சு. கர்நாடகத்துல கோலார் பக்கமும் பெல்காம் பக்கமும் ஆயிரக்கணக்கான கோழிகளை உயிரோட குழியில தள்ளி மூடினாங்க. தீனி வாங்கிப் போடற காசு கூடக் கோழியை வித்தா வராதுங்கற நிலைமை. போதாக்குறைக்கு அதே மாசம் மைசூர்ல நிஜமாவே பறவைக்காய்ச்சல் வந்து, அந்தப் பகுதிக் கோழிகளை அழிச்சாங்க.

ஜனதா ஊரடங்குக்கு முந்தின நாள், மார்ச் 21, சனிக்கிழமை சாயங்காலம். நாங்க வழக்கமா கறி வாங்கற கடையில ஷட்டர் பாதி இறங்கி இருந்துச்சு. கடைப் பையன் பையைத் தோள்ல மாட்டிட்டு நிக்கறான். ராத்திரி ரயிலைப் பிடிச்சு ஊருக்குப் போறானாம். கூண்டுல ஒன்பது கோழி மிச்சம். "சார், காசு வேண்டாம், எடுத்துட்டுப் போங்க. விட்டுட்டுப் போனா பட்டினியில செத்துடும்." அரை மூட்டைத் தீனியும் சேர்த்துத் தூக்கிக் கொடுத்தான். கூட வந்திருந்த எட்டு வயசு மகள் கையை இறுக்கிப் பிடிச்சா. அவ்வளவுதான். ஆட்டோவுல ஒன்பது கோழி, ஒரு சாக்கு, நாங்க ரெண்டு பேர். தங்கமணி கதவைத் திறந்த முகத்தை இங்கே எழுத முடியாது.

ஓனர் ஆன்ட்டி மட்டும் சந்தோஷப்பட்டாங்க. "மாடியில வச்சிக்க தம்பி. எங்க ஆயா காலத்துல இந்தக் காம்பவுண்டு பூரா கோழிதான்." மொட்டை மாடியில பழைய தண்ணித்தொட்டி மறைவுல, ரெண்டு கட்டில் பலகையும் வலையும் வச்சு ஒரு கூடு கட்டினேன். மறுநாள் ஊரே மாடியில நின்னு தட்டைத் தட்டினப்போ, கோழிங்க பயந்து மூலையில ஒடுங்கினது இன்னும் கண்ணுல நிக்குது.

மகள் நோட்டுல கணக்கு எழுதினா. வெள்ளைக் கோழி ஆறு. கலர் கோழி மூணு. நானும் அதே கணக்குதான் வச்சிருந்தேன். அந்த மூணு கலர்ல ஒண்ணு பெருசா செம்புள்ளி போட்ட பெட்டை. ஒண்ணு சின்ன சேவல். இன்னொண்ணு கழுத்துல ஒரு இறகு கூட இல்லாம, சிவப்பா, வேகவச்ச மாதிரி இருந்த பெட்டை. ஐயோ பாவம், கூண்டுல மத்ததெல்லாம் கொத்திக் கொத்திப் பிடுங்கிடுச்சு, இல்லேன்னா ஏதோ தோல் வியாதின்னு முடிவு பண்ணினேன். தினமும் காலையில மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில குழைச்சு அதோட கழுத்துல பூசறது என் டூட்டி. அது என் கையைக் கொத்தறது அதோட டூட்டி.

வெள்ளை ஆறுல மூணு கொழுகொழுன்னு இருந்துச்சு. மூணு ஒல்லி, கொண்டை வெளிறி, முதுகுல இறகு தேஞ்சு கிடந்துச்சு. கொழுத்தது ஆரோக்கியம், ஒல்லி நோஞ்சான்னு நினைச்சேன். சாக்குல இருந்த தீனியை ஆறுக்கும் வேணும்கற அளவுக்குக் கொட்டினேன். தின்னு தேறட்டும்னு.

மார்ச் 27, வெள்ளிக்கிழமை மத்தியானம். வீட்டிலிருந்து வேலை ஆரம்பிச்ச முதல் வாரம். மீட்டிங்ல இருக்கும்போது மகள் கத்தற சத்தம். ஓடினேன். கொழுத்த மூணுல ஒண்ணு, வயிறு முட்டத் தின்னுட்டு நின்னது, திடீர்னு மல்லாக்க விழுந்து, ரெண்டு தடவை சிறகை அடிச்சு, அடங்கிடுச்சு. ஒரு நிமிஷம் கூட ஆகலை.

எனக்கு முதல்ல வந்த நினைப்பு பறவைக்காய்ச்சல். பெங்களூருக்கு அது புதுசு இல்லை. 2012 அக்டோபர்ல ஹெசரகட்டாவுல இருக்கற மத்திய அரசுக் கோழிப்பண்ணையில வான்கோழிங்க செத்து, அங்கே இருந்த பறவைகளை எல்லாம் அழிக்க வேண்டி வந்துச்சு. 2018 ஜனவரியில தாசரஹள்ளியில மறுபடி. வீட்டுல குழந்தை இருக்கு, கீழே வயசான ஆன்ட்டி இருக்காங்க. கை நடுங்கிடுச்சு. நண்பர் ஒருத்தரோட சித்தப்பா ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர், ஓசூர்ல இருக்கார்னு ஞாபகம் வந்து போன் போட்டேன்.

அவர் பதறவே இல்லை. "மத்ததெல்லாம் தீனி எடுக்குதா? மூக்குல தண்ணி? முகம் வீங்கியிருக்கா? கொண்டை நீலமா மாறியிருக்கா?" எதுவும் இல்லை. "சரி, கையுறை போட்டு ஆழமாப் புதைச்சு சுண்ணாம்பு போடுங்க. மத்ததைத் தனியா வச்சுப் பாருங்க. இன்னொண்ணு ரெண்டு நாள்ல போச்சுன்னா கால்நடைத் துறைக்குச் சொல்லியே ஆகணும். செத்தது என்ன கோழி?"

"வெள்ளைக் கோழி சார்."

"வெள்ளைன்னு ஒரு இனம் கிடையாது. போட்டோ அனுப்புங்க."

அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல அவரே கூப்பிட்டார். ஆறு வெள்ளையும் ஒண்ணு இல்லையாம். அதுவும் பாம்பும் கீரியும் மாதிரி வேற வேற வாழ்க்கை வாழறதுக்குன்னு உருவாக்கப்பட்ட ரெண்டு ரகமாம். அன்னிக்கு அவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே தர்றேன். உங்களுக்கும் எப்பவாவது உதவும்.

கொண்டை பெருசா ஒரு பக்கம் சரிஞ்சு கண்ணை மறைக்குதா, காது மடல் வெள்ளையா இருக்கா, உடம்பு ஒல்லியா நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில படுதா, மூக்கு நுனி வெட்டி இருக்கா? அது முட்டைக்கோழி. வெள்ளை லெகார்ன் வழி வந்தது. நாமக்கல் பக்கம் லட்சக்கணக்குல கூண்டுல நிக்கறது இதுதான். வருஷத்துக்கு முந்நூறு முட்டைக்கு மேல போட்டுட்டு, ஒன்றரை வயசு தாண்டி முட்டை குறைஞ்சதும் கறிக்கடைக்குக் கிலோ கணக்குல வந்துடும். ஒல்லியா இருக்கறது அதோட இயல்பு. கொண்டை வெளிறினது, இறகு தேஞ்சதுதான் கோளாறு.

கொண்டை சின்னது, நெஞ்சு அகலம், கால் தூண் மாதிரி, உட்கார்ந்து உட்கார்ந்து நெஞ்சுக்குக் கீழே இறகு தேஞ்சு சிவந்திருக்கா? அது பிராய்லர். "சத்தத்தைக் கேளுங்க"ன்னார். போனை மாடிக்கு எடுத்துட்டுப் போய்க் கேட்டேன். அவ்வளவு பெரிய உடம்புல இருந்து கீச் கீச்னு குஞ்சுக் குரல். "அதுக்கு வயசு ஆறு வாரம்தான் இருக்கும் சார். உடம்பு மட்டும்தான் பெருசு. அது இன்னும் குழந்தை."

அப்புறம் நானே தேடிப் படிச்சேன். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல, 1957ல இருந்த ரகத்தையும் 2005 ரகத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்துப் பார்த்திருக்காங்க. முடிவு 2014ல வந்துச்சு. 56வது நாள்ல பழைய ரகம் 905 கிராம். புது ரகம் 4,202 கிராம். அவ்வளவு வேகமா வளர்ற உடம்புக்கு ஈடா இதயமும் காலும் வளர முடியறதில்லை. போட்டதைத் தின்னுக்கிட்டே இருக்கும், போதும்னு நிறுத்தாது. இந்தக் குஞ்சுகளைப் பெத்துப்போடற தாய்க்கோழிகளுக்கே பண்ணையில அளந்துதான் தீனி வைப்பாங்களாம், இல்லேன்னா முட்டை போடற வயசு வரை தாங்காதாம். நானோ பாவம் தின்னு தேறட்டும்னு கொட்டினேன்.

அதே சாக்கு, முட்டைக்கோழிக்கு வேற விதத்துல கெடுதல் பண்ணிச்சு. அது கறிக்கோழிக்கான தீனி. ஒரு முட்டை ஓட்டுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு கிராம் சுண்ணாம்புச்சத்து வேணும். முட்டைக்கோழித் தீனியில அது நூத்துக்கு நாலு பங்கு அளவுல இருக்கும். கறிக்கோழித் தீனியில அதுல நாலுல ஒரு பங்குதான். கோழி என்ன பண்ணும்? முட்டை போடறதை நிறுத்தத் தெரியாது. தன் எலும்புல இருந்து உருவி ஓட்டைக் கட்டும். ஏப்ரல் முதல் வாரத்துல ஒல்லி மூணுல ஒண்ணு தோல்முட்டை போட்டுச்சு. ஓடே இல்லாம, கையில எடுத்தா பலூன் மாதிரி. மறுநாள் அதால எழுந்து நிக்க முடியலை.

ஆக, ஒரே சாக்கு. ரெண்டுக்கும் விஷம். பேர் தெரியாம வைத்தியம் பார்த்தா இப்படித்தான்.

ஊரடங்குல கிளிஞ்சல் தூளுக்கு எங்கே போறது? டாக்டர் சொன்னபடி வீட்டு முட்டை ஓட்டையெல்லாம் கழுவி, தோசைக்கல்லுல வறுத்து, அம்மிக்கல்லுல பொடிச்சுத் தனிக் கிண்ணத்துல வச்சோம். தீனியில கலக்கக் கூடாது, வேணுங்கறது தானே வந்து எடுத்துக்கும்னார். கால்சியம் மருந்தும் அவர் சொன்ன அளவுல. விழுந்த கோழியை அட்டைப்பெட்டியில வச்சு, காலை வெயில் படற இடத்துல வச்சு, கையால தண்ணி கொடுத்தோம். பெரும்பாலும் கொடுத்தது தங்கமணி. அஞ்சாம் நாள் அது தட்டுத் தடுமாறி எழுந்து நின்னப்போ, முதல்ல அழுததும் அவங்கதான். (இதை எழுதினதுக்கு இன்னிக்குச் சாயங்காலம் காபி கிடைக்காது.)

ரெண்டாவது பிராய்லரைக் காப்பாத்த முடியலை. கால் ஏற்கெனவே வளைஞ்சிருந்துச்சு. ஏப்ரல் நடுவுல போயிடுச்சு. மகள் கேட்டா, "அப்பா, நீ நிறைய சாப்பாடு போட்டதுனாலயா?" பொய் சொல்ல வரலை. ஆமாம்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நீ நல்லதுன்னு நினைச்சுத்தான போட்டே"ன்னா. அது ஆறுதலாவும் இருந்துச்சு, இன்னும் மோசமாவும் இருந்துச்சு.

நிற்க. கழுத்தில்லா பெட்டை கதைக்கு வர்றேன்.

அம்மா ஊர்ல தனியா இருந்தாங்க. அப்பா போய் ரொம்ப வருஷம் ஆச்சு. நான் படிச்சது அம்மா வளர்த்த கோழியிலயும் ஆட்டுலயும்தான். பரீட்சைப் பணம் கட்டணும்னா பஞ்சாரத்தைத் தூக்கி எந்தச் சேவலைப் பிடிக்கறதுன்னு பார்ப்பாங்க. அந்த நாட்கள்ல எனக்குக் கோழி மேல பாசம்லாம் கிடையாது. எப்படா இந்த எச்ச வாடையிலிருந்து தப்பிச்சு ஓடுவோம்னுதான் இருந்துச்சு. ஓடி வந்தவனுக்குக் கோழியோட பேரெல்லாம் மறந்து போச்சு.

ஊரடங்குல பக்கத்து வீட்டுப் பையன் உதவியில அம்மா வீடியோ கால் பேசப் பழகினாங்க. ஒரு நாள் காலையில நான் மஞ்சள் பூசற கோலத்துல மாட்டினேன்.

"எய்யா, அது கழுத்துல என்னத்தப் போட்டுத் தேய்க்க?"

"இறகெல்லாம் கொட்டிப்போச்சும்மா. வைத்தியம்."

அந்தச் சிரிப்பை நான் கேட்டு வருஷக்கணக்காச்சு. "அட கோட்டிக்காரா! அது கிராப்புக் கோழில்லா! பொறக்கும்போதே அப்பிடித்தான் பொறக்கும். நம்ம வீட்டுல ஒண்ணு கெடந்துச்சே, நீ தூக்கிட்டுத் திரிவியே, மறந்துட்டியா?"

மறந்துட்டேன். கழுகுக் கோழி, கிராப்புக் கோழின்னு சொல்வாங்க. கழுத்து மொட்டையா இருக்கறது பரம்பரை. உடம்புலயும் இறகு கம்மி, அதனால வெயில் நல்லா தாங்கும். மூணு வாரமா நான் ஒரு ஃபீச்சருக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டிருந்தேன்!

அதுக்கு நேர் எதிரா இன்னொண்ணு. சேவலோட கால் செதில் செதிலாத் தூக்கிக்கிட்டு, சுண்ணாம்பு அப்பின மாதிரி இருக்கும். நாட்டுச் சேவல்னா கால் இப்படித்தான் கரடுமுரடா இருக்கும்னு விட்டுட்டேன். அம்மா போனைக் கிட்ட கொண்டுபோகச் சொன்னாங்க. "இது சொறிக்கால்யா. உள்ள பூச்சி இருக்கு. நடக்கயில நொண்டுது பாரு. இது சிறுவெடைச் சேவல், இதுக்குக் கால் வழவழன்னு இருக்கணும்." டாக்டரும் அதையே சொன்னார். செதிலுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத உண்ணி துளைச்சு வாழுமாம். வெதுவெதுப்பான தண்ணியில காலை ஊறவச்சு, தேய்ச்சு, வேப்பெண்ணெய் தடவி, அவர் எழுதித் தந்த சொட்டு மருந்தும் போட்டு, ரெண்டு மாசம் ஆச்சு புதுச் செதில் வர. செம்புள்ளிப் பெட்டையைப் பார்த்து அம்மா, "இது நம்ம கோழி இல்ல, ஏதோ சர்க்கார் கோழி"ன்னாங்க. சிரிச்சேன். ஜூலையில ஹெப்பால் கால்நடைக் கல்லூரிக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி பத்திக் கேக்கப் போனப்போ போட்டோ காட்டினேன். கிரிராஜாவாம். அதே ஹெப்பால்ல உருவாக்கி 1989ல வெளியிட்ட ரகம். வீட்டுக்கொல்லையில விட்டு வளர்க்கறதுக்குன்னே செஞ்சது. அம்மா சொன்னது நூத்துக்கு நூறு!

தினமும் காலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால்ங்கறது வழக்கமாச்சு. அதுக்கு முன்னாடி வாரம் ஒரு தடவை, "சாப்பிட்டியா, மழை உண்டா", ரெண்டு நிமிஷம். இப்போ அரை மணி நேரம். ஒவ்வொரு கோழியா காட்டணும்.

மே மாசம் ஒரு நாள், அம்மா முற்றத்துல வெயில்ல நின்னு பேசினாங்க. எப்பவும் வீட்டுக்குள்ள இருட்டுல இருந்துதான் பேசுவாங்க. சேவல் காலைப் பார்க்கணும்னு போனை முகத்துக்கிட்ட கொண்டுவந்தாங்க. உதடு வெள்ளையா இருந்துச்சு. கோழியைப் பார்க்கறதை விட்டுட்டு நான் அம்மாவையே பார்த்தேன். ரெண்டு மாசமா தினமும் காலையில எழுந்ததும் ஒவ்வொரு கோழிக்கும் கொண்டை சிவப்பா வெளுப்பான்னு பார்த்துப் பழகின கண்ணு. அந்தக் கண்ணுதான் பார்த்துச்சு.

"அம்மா, கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டேன்."

"என்னையும் கோழின்னு நெனச்சியா?"

திட்டிக்கிட்டே காட்டினாங்க. உள்ளே சிவப்பே இல்லை.

மூச்சு வாங்குதுன்னு அம்மா ஒரு வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருந்தாங்க. "வயசாச்சுல்லா, அப்பிடித்தான் இருக்கும்"னு அவங்களே முடிச்சுடுவாங்க. நானும் ஆமாம்னு விட்டுடுவேன். அறுபத்தெட்டு வயசுன்னா இப்படித்தான் இருக்கும், அது ஃபீச்சர். மாமா மகனைப் பிடிச்சு, அனுமதி வாங்கி, ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்கணும். அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேர்த்து ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. முட்டி வலிக்குன்னு வருஷக்கணக்கா மருந்துக்கடையில கேட்டு வாங்கித் தின்ன வலி மாத்திரை, வயித்துல புண்ணாக்கி, கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் போயிருக்கு. டாக்டரம்மா மாமா மகன்கிட்ட சொன்னாங்களாம், "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது."

ஜூன்ல இ-பாஸ் கிடைச்சு, அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி, ஒரே மூச்சா காரை ஓட்டிட்டுப் போனேன். அம்மா திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "கோழிகளை யாரு பாத்துக்கிடுதா?"

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. எனக்காகப் படிப்புப் பணம் கட்டின கோழியைப் பத்தி யோசிச்சேன். மூணு முட்டைக்கோழியையும் யோசிச்சேன். நிறுத்தத் தெரியாம எலும்பை உருவிக் கொடுத்துக்கிட்டே இருக்கறது அதுங்களோட இயல்புன்னு டாக்டர் சொன்னாரே. அதுக்கு மேல எழுத வரலை, விட்டுடறேன்.

மிச்சக் கதை சுருக்கமா. மூணாவது பிராய்லர், காலையிலயும் சாயங்காலமும் அளந்த தீனி, மாடி பூரா இறைச்சு நடந்து பொறுக்க வச்சு, அக்டோபர் வரை இருந்துச்சு. ஒரு குளிர் காலையில போயிடுச்சு. ஆறு வாரத்துக்குன்னு பிறந்தது எட்டு மாசம் வெயிலைப் பார்த்துச்சு. செப்டம்பர்ல கிராப்பு அடை உட்கார்ந்து, 21ம் நாள் ஏழு முட்டையில அஞ்சு பொரிச்சது. அதுல மூணுக்குக் கழுத்து மொட்டை, முன்பக்கம் மட்டும் டை கட்டின மாதிரி ஒரு கொத்து இறகு. சேவல் விடிகாலை மூணரைக்குக் கூவுதுன்னு எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். நியாயம்தான். அதை ஓசூர் டாக்டர் தோட்டத்துக்கு அனுப்பிட்டோம். அங்கே அவருக்கும் தூக்கம் இல்லையாம் :-)

2021 பொங்கலுக்கு அம்மாவைக் காக்ஸ் டவுனுக்குக் கூட்டிட்டு வந்தோம். அதுக்கு முந்தின வாரம்தான் முட்டைக்கோழி மூணும் இறகைக் கொத்துக் கொத்தா உதிர்த்து, மாடியே பஞ்சு மெத்தை மாதிரி கிடந்துச்சு. நான் பதறி டாக்டர் நம்பரைத் தேடிக்கிட்டிருந்தேன். அம்மா கைத்தடியை ஊன்றி மெதுவா மாடி ஏறி வந்து, ஒண்ணைப் பிடிச்சு மடியில வச்சு, இறகை விலக்கிப் பார்த்தாங்க. அடியில முள்ளு முள்ளா புது இறகு.

"இது நோவு இல்லய்யா. பழசு உதிருது. முட்டையை நிப்பாட்டிட்டு இப்பத்தான் தன் உடம்பைப் பாக்குது. சும்மா விடு."

ஆன்ட்டியும் வந்து உட்கார்ந்தாங்க. ரெண்டு கிழவிகளும் கோழியைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்குப் பாதி புரியாது. ஒண்ணு கரிசல் தமிழ், இன்னொண்ணு கன்டோன்மென்ட் தமிழ். அவங்களுக்குள்ள எல்லாம் புரிஞ்சுது.

அந்த ஒன்பதுல இப்போ எதுவும் இல்லை. மாடியில இருக்கறது கிராப்பு வம்சம் நாலு. அம்மா திரும்ப ஊருக்கே போயிட்டாங்க, இந்தக் குளிர் ஆகலையாம். காலை ஏழு மணிக் கால் மட்டும் நிக்கலை. வெளியில வெளிச்சத்துல நின்னு பேசணுங்கறது நான் போட்ட ஒரே ரூல். அம்மா ஒரு கேள்வி கேப்பாங்க, "கிராப்பு முட்டை விட்டுச்சா?" நான் ஒரு கேள்வி கேப்பேன், "இரும்புச்சத்து மாத்திரை போட்டியாம்மா?"

ரெண்டு பேரும் ஆமாம்னு சொல்லுவோம். அதுல பாதி நாள் பொய்யின்னு ரெண்டு பேருக்கும் தெரியும்.